கொஞ்சம் இளக்கிவிட்டால்

ஓலைப்பந்தலுக்குத் திறப்பு விழா வைத்து நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. எனக்குத் தெரிந்து நடந்த ஒரே விழாவில் சிறப்புரை ஆற்றியவன் நான். இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பந்தல் போட்ட இடத்தைச் சொன்னால் கூச்சம் போதாது. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை. அங்கே மருந்து கலக்குகிற அறைக்கும், கலந்த மருந்தைக் காகிதக் குழாய்களில் அடைக்கிற அறைக்கும் நடுவில் கிடந்த வெட்டவெளியில், நன்றாகக் காய்ந்த தென்னங்கீற்றால் வேய்ந்த பந்தல் அது. மருந்து என்றால் வெடிமருந்து. அந்தப் பந்தலுக்கு அடியில் நின்றுகொண்டு, தோளில் போட்ட துண்டு நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கருணை என்பது ஒரு நிழல் என்று பேசினேன். பெண்கள் கைதட்டினார்கள். அடுப்பிலிருந்து வைக்கோல்போருக்குப் பாலம் போட்டிருக்கிறார்கள், அதற்கு நான் வாழ்த்துரை வழங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. உறைப்பதற்கு மேடையைவிட்டு இறங்க வேண்டியிருந்தது. மேடை என்பது கவிழ்த்துப்போட்ட ஒரு மரப்பெட்டி.

கைதட்டியவர்களில் முத்துமாரியும் ஒருத்தி. ஆமத்தூரில் என் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி. ‘போறதுன்னா அந்தக் கம்பெனிக்குப் போ, அங்கே நல்ல மனுஷி ஒருத்தர் இருக்கார்’ என்று அவளை அனுப்பிவைத்ததும் நான்தான். பந்தலின் ஒரு முனையில் மருந்து கலக்கும் அறை. மறுமுனையில் இருந்த அறையில் முத்துமாரி உட்கார்ந்து குழாய் அடைத்துக்கொண்டிருந்தாள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் பந்தல் நின்ற நாட்களில் எனக்கிருந்த பயம் முழுவதும் அந்த மறுமுனையைப் பற்றியதுதான்.

ஆனால் நான் எழுத வந்தது அந்த நல்ல மனுஷியைப் பற்றி.

அவர் ஓய்வுபெற்ற நர்ஸ். விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் தலைநரைக்கும்வரை வேலை பார்த்துவிட்டு, பிறகு அந்தத் தொழிற்சாலையில் தொழிலாளர் நலனைக் கவனிக்க வந்து சேர்ந்தார். பெயரை எழுதப்போவதில்லை, அங்கே யாரும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதும் இல்லை. எல்லோருக்கும் சிஸ்டரம்மா. மெல்லிய கரை வைத்த வெள்ளைச் சேலை, தோளில் ஒரு பெரிய பை. பையில் பஞ்சு, தைலம், குளுக்கோஸ் பிஸ்கட், யாருக்கோ தைத்துக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட். ஊசி போடுவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். குளிர்ந்த கை பட்டால் நோயாளி திடுக்கிடுவானாம். ஊசியும் குத்தத்தானே போகிறது என்று ஒருமுறை கேட்டேன். “குத்துறது ஊசி தம்பி. கை குத்தக் கூடாதுல்ல” என்றார்.

அவர் வாயில் எப்போதும் இருந்த ஒரு வாக்கியம், “கொஞ்சம் எளக்கிவிட்டாப் போதும்.” கட்டுப்போட்ட இடத்தில் வலிக்கிறது என்றால் கட்டை இளக்கிவிடுவார். பார்வையாளர் நேரம் முடிந்த பிறகும் மனைவியை வார்டுக்குள் விட்டுவைப்பார். அது நேரத்தை இளக்கிவிடுவது. கசப்பு மருந்தில் சர்க்கரை கலப்பார். டாக்டர் திட்டிவிட்டுப் போன நோயாளியிடம் போய், டாக்டர் நல்லவர், அவருக்குப் பசி என்பார். உலகத்தில் உள்ள எல்லாமே யாரோ அவசரத்தில் இறுக்கிக் கட்டிவிட்டுப் போன முடிச்சு என்பது அவர் எண்ணம். இறுக்கியவனுக்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம் என்று அவர் நினைத்து நான் பார்த்ததில்லை.

என் அப்பா இறந்தது அந்த ஆஸ்பத்திரியில்தான். காலையில் நானும் அண்ணனும் பஸ்ஸைவிட்டு இறங்கி வார்டுக்குப் போனால், சிஸ்டர் வாசலிலேயே நிற்கிறார்.

“அப்பா எப்படி இருக்காங்க சிஸ்டர்?”

“அமைதியா இருக்காக தம்பி. ரெண்டு பேரும் சாப்பிட்டீகளா? மொதல்ல போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. அப்புறம் பேசலாம்.”

எதிரே இருந்த கடையில் இட்லி. பசி வேளை, சட்னி நன்றாக இருந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன். திரும்பி வந்ததும் எங்கள் இருவரையும் பெஞ்சில் உட்காரவைத்து, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அப்பா விடிவதற்கு முன்பே போய்விட்டிருந்தார்.

அண்ணனுக்குக் கோபம். “வந்ததும் சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தாச் சாப்பிட்டிருக்க மாட்டீகளே. இனி எடுத்து முடிக்கிற வரைக்கும் யாரு உங்களுக்குச் சோறு போடுவா?”

அது உண்மை. அன்று முழுவதும் யாரும் போடவில்லை. அமைதியாக இருக்கிறார் என்று அவர் சொன்னதும் பொய்யில்லை. அப்பா தன் வாழ்நாளில் அவ்வளவு அமைதியாக இருந்ததே கிடையாது. சிஸ்டரை நினைத்து அன்று எனக்குக் கண் கலங்கியது. கூடவே, இந்த அம்மா ‘ஒண்ணுமில்ல, சாப்பிட்டு வாங்க’ என்று சொன்னால் இனி பயப்பட வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றியதால் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

அப்புறம் பல வருஷம் கழித்து அவரைச் சிவகாசியில் பார்த்தேன். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். தொழிற்சாலைக்கு வேண்டிய பட்டாசு லேபிள் எங்களிடம்தான் ஆர்டர். அந்தச் சாக்கில் ஒருநாள் வந்தவர், என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டார்.

“தம்பி, ஹியூமனைஸ்னா தமிழ்ல என்ன?”

அவரை மதுரையில் ஏதோ பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்களாம். டை கட்டிய ஒருவர் காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்தச் சொல்லையே சொன்னாராம். வேலை செய்யும் இடத்தை நீங்கள் ஹியூமனைஸ் செய்ய வேண்டும்.

பாருங்கள் பொருத்தத்தை. பள்ளிப் பிள்ளைகளுக்கான ஓர் ஆங்கில–தமிழ் அகராதியின் புரூஃப் அப்போது என் மேஜையில் கிடந்தது. அதில் எச் எழுத்தை மேய்ந்துகொண்டிருந்தேன். விட்டுப்போன சொற்களுக்குப் பொருள் எழுதிச் சேர்ப்பதும் என் தலையில்தான் விழுந்திருந்தது. பெரிய மனுஷத் தோரணையில் சொன்னேன், “மனிதப்படுத்துன்னு போடலாம் சிஸ்டர்.”

“படுத்துன்னா? ஏற்கெனவே படுத்துறது பத்தாதா?”

“அப்படியில்ல. மனுசருக்கு ஏத்த மாதிரி ஆக்குறது. கடுமையைக் குறைக்கிறது.”

“எதை?”

“எதை வேணாலும். சட்டத்தை, ஜெயிலை, ஆஸ்பத்திரியை.”

அவர் முகம் தெளிந்துவிட்டது. “எளக்கிவிடுறதைச் சொல்றான். அதுக்கா அம்புட்டு நேரம் பேசுனான்?” என்று எழுந்து போய்விட்டார்.

அகராதியில் பொருள் எழுதினேன்: மனிதத்தன்மை உடையதாக்கு, கடுமை குறை, இளக்கு. கடைசிச் சொல் அவர் உபயம். எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்று வேண்டியிருந்தது. பெரிய அகராதிகளைப் புரட்டியதில் அந்த வினைச்சொல் போய் உட்காருகிற இடங்கள் எனக்கு விநோதமாக இருந்தன. சிறை, தண்டனை, போர், பைத்தியக்கார ஆஸ்பத்திரி. பூந்தோட்டத்தை யாரும் மனிதப்படுத்தவில்லை. பாயசத்தை மனிதப்படுத்தினான் என்று எவரும் எழுதவில்லை. பக்கத்தில் பயங்கரமான ஒரு பெயர்ச்சொல் இல்லாவிட்டால் அந்த வினைச்சொல்லுக்கு வேலையே இல்லை போலிருந்தது. இதை அங்கேயே நின்று யோசித்திருக்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. ‘அவர் தொழிற்சாலையை மனிதப்படுத்தினார்’ என்று எழுதிவிட்டுப் போனேன்.

அவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

முதலில் போர்டு. தொழிற்சாலை வாசலில் சிவப்புத் தகரத்தில் மண்டையோடும் இரண்டு எலும்பும், கீழே அபாயம் என்று. “வேலைக்கு வந்ததும் பொம்பளைக மொத மொத இந்த மூஞ்சியிலயா முழிக்கணும்?” என்று அதை எடுக்கச் சொன்னார். புதிய போர்டில் கைகூப்பிய ஒரு பெண் குழந்தை. வாசகம் நான் எழுதிக் கொடுத்தேன்: ‘அம்மா, பத்திரமாக வா.’ வரைந்து முடித்த பெயிண்டர் தயங்கினார்.

“அக்கா, அபாயம்னு எங்கனயாச்சும் ஓரமாப் போடட்டா?”

“அதான் எல்லாருக்கும் தெரியுமேப்பா.”

கொஞ்ச நாளில் பெண்கள் அந்தக் குழந்தைக்குச் சந்தனம் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை பூப்போட்டார்கள். மண்டையோட்டுக்கு யாரும் பூப்போட்டதில்லை. அதே சமயம், மண்டையோடு இருந்தவரை வாசலில் நின்று ஊக்கையும் ஹேர்பின்னையும் கழற்றிப் போட்டுவிட்டுப் போனவர்கள், குழந்தையைக் கொஞ்சிவிட்டு நேராக உள்ளே போகவும் தொடங்கினார்கள். போர்மேன் கத்திக் கூப்பிட்டுக் கழற்ற வைக்க வேண்டியிருந்தது.

போர்மேனுக்குத் தொண்டைதான் சொத்து. இரும்பு வளையல், சேஃப்டி பின், செருப்பு, சத்தமான பேச்சு எதைக் கண்டாலும் கத்துவார். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. மாசமாக இருந்த ஒருத்தியைச் சிஸ்டர் கொண்டுபோய் முத்துமாரி அறையில் ஐந்தாவதாக உட்காரவைத்தார்.

“நாலு பேருதான் சிஸ்டர்.”

“தனியா ஓரத்து ரூம்ல உக்கார வச்சிருக்கீகளே, தலை சுத்துனாப் பிடிக்க ஆள் வேண்டாமா? நாலு பொம்பளை கூட இருந்தா அவளுக்கும் தெம்பு.”

“ஒண்ணு ஆச்சுன்னா நாலோட போகும். அதுக்குத்தான்...” என்று ஆரம்பித்தவர், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவரால் முடிக்க முடியாத வாக்கியம் அது. அவர் முடிக்காததாலேயே சிஸ்டர் ஜெயித்தார்.

பந்தலின் கதை இருக்கன்குடியில் தொடங்குகிறது. ஆடி மாதம் மாரியம்மன் கோவிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு வழியில் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். சிஸ்டர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் அந்தப் பந்தலிலும் உட்கார்ந்து, நடந்து வருகிறவர்களின் கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருப்பார். அந்த வருஷம் மருந்து போட்டுக்கொண்டே இருந்தவருக்கு ஒன்று தோன்றியிருக்கிறது. தொழிற்சாலையில் செருப்புப் போடக் கூடாது. ஆணி உரசினால் போச்சு. பெண்கள் வெறுங்காலோடுதான் மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்கு அறை நடக்கிறார்கள். எங்கள் பக்கத்து வெயிலில் அந்தத் தரை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

“வருசத்துல ஒருநா நடக்கிறவகளுக்கு நெழல் குடுக்கிறோம். தெனமும் நடக்கிறவகளுக்குக் கெடையாதா?” என்று முதலாளியிடம் போய் நின்றார். திருவிழா முடிந்து பிரித்துப்போட்ட தண்ணீர்ப் பந்தலின் கம்பும் கீற்றும் சும்மாவே கிடைத்தன. ஆடி வெயிலில் காய்ந்து முறுகிய கீற்று.

முதலாளி யோசித்தார். பிறகு சம்மதித்து ஒரு நிபந்தனை போட்டார். “கழட்டி மாட்டுற மாதிரி இருக்கணும். ஜீப்பு வருதுன்னா நிமிசத்துல காணாமப் போயிரணும்.”

ஜீப்பு என்றால் பரிசோதனைக்கு வருகிற அதிகாரி. அந்தத் தொழிற்சாலைக்குத் திரும்புகிற முக்கில் ஒரு டீக்கடை இருந்தது. அரசாங்க ஜீப் திரும்பினால் டீக்கடையிலிருந்து வாட்ச்மேனுக்குப் போன் வரும். செல்போன் வந்த புதிது. அதன் முதல் பெரும்பயன் எங்கள் பக்கம் இதுதான். போன் வந்ததும் அறையில் கூடுதலாக இருக்கிறவர்கள் டிபன் பாக்ஸோடு பின்பக்க ஓடைக்குள் இறங்கி, சீமைக் கருவேலத்துக்கு அடியில் உட்கார்ந்துவிடுவார்கள். அதிகாரி வந்து பார்க்கும்போது எல்லா விதியும் அதனதன் இடத்தில் இருக்கும்.

சிஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. “நல்ல காரியத்தை எதுக்கு ஒளிக்கணும்? ஆபீசரும் மனுசந்தானே. அவருக்கும் கால் சுடும்ல?” என்றார். ஒளிக்கப் போவதில்லை என்று காட்டத்தான் திறப்பு விழாவே வைத்தார். நான் பேசினேன். சும்மா கிடந்த வெற்றிடத்தில் கருணை குடியேறிவிட்டது என்று முடித்ததாக நினைவு.

பேசி இறங்கியதும் போர்மேன் டீயோடு பக்கத்தில் வந்தார். “நல்லாப் பேசுனீக அண்ணாச்சி. ஒண்ணு மட்டும். ரூமுக்கும் ரூமுக்கும் நடுவுல எடம் சும்மா கெடந்துச்சுன்னீகள்ல. அது சும்மா கெடக்கல.”

“பின்னே?”

“இந்தக் கம்பெனியிலயே ஒழுங்கா வேலை பாத்தது அந்த எடம் ஒண்ணுதான்.”

சொல்லிவிட்டு, மரப்பெட்டியை இழுத்துப் பந்தலுக்குள் போட்டு அதில் உட்கார்ந்தார். “வெயிலு என்னமா அடிக்கி, பாத்தீகளா” என்று டீயை ஊதிக் குடித்தார்.

அன்றிலிருந்து என் நிம்மதி போனது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தூரத்தில் ‘தொம்’ என்று ஒரு சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடும். டீக்கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டில், எங்கேயும். எந்தத் திசை என்று பார்ப்போம். நம் ஆட்கள் இருக்கிற திசை இல்லை என்றால் விட்ட இடத்திலிருந்து பேசுவோம். நான் பேச்சை விட்ட இடத்தையே மறக்கத் தொடங்கினேன். லாரி டயர் வெடித்ததற்கெல்லாம் புதுப்பட்டித் திசையைப் பார்த்தேன்.

சிஸ்டரிடம் சொல்லிவிடுவது என்று ஒரு மத்தியானம் போனேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டு போனேன்.

“சாப்பிட்டீகளா தம்பி?”

“ஆச்சு சிஸ்டர். இந்தப் பந்தலைப் பத்தி யோசிச்சேன். ஒரு பொறி விழுந்தா அந்த முனையிலேருந்து இந்த முனைக்கு...”

அவர் மறுத்துப் பேசவில்லை. என் காலைப் பார்த்தார். “செருப்பைக் கழட்டிட்டு, பந்தலுக்கு வெளிய அந்தத் தண்ணித் தொட்டி வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வாங்க. அப்புறம் நீங்க என்ன சொல்றீகளோ செய்வோம்.”

போனேன். பாதி தூரத்தில் நடை ஓட்டமாகி, ஓட்டம் குதியாகி, வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் பாய்ந்து வந்து விழுந்தேன். அறைக்குள் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முத்துமாரி கதவுப் பக்கம் வந்து, “அண்ணே, இன்னொரு ரவுண்டு போங்க, சரியாப் பாக்கல” என்றாள். சிஸ்டர் என் காலுக்குத் தைலம் போட்டுவிட்டார். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் போட்டார். நான் கொண்டுபோன வாக்கியங்களை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

தீபாவளி ஆர்டர் மும்முரமாக இருந்த புரட்டாசி மாதத்தில், ஒரு நாள் முற்பகல், டீக்கடையிலிருந்து போன் வந்தது. ஜீப்பு திரும்பிவிட்டது. அடுத்து நடந்ததை முத்துமாரி எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

“கழட்டுங்கலேன்னு போர்மேன் கத்துறாரு. சிஸ்டரம்மா ஓடியாந்து நடுக்கம்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாக. ‘கழட்டாதீக, ஆபீசர்ட்ட நான் பேசிக்கிடுறேன்’ங்காக. அந்தாளு பேசவே இல்லண்ணே. அவக வெரலை ஒண்ணொண்ணா மெதுவா எடுத்துவிட்டாரு. அவரு அம்புட்டு மெதுவா ஒரு வேலை செஞ்சு நாங்க பாத்ததில்ல.”

கீற்றையும் கம்பையும் ஓடைக்குள் தள்ளினார்கள். மாசமாக இருந்தவளும் ஓடைக்குள் இறங்கினாள். வெயில் பழையபடி தரையில் இறங்கியது. தட்டுத் தூக்கி நடந்த பெண்கள் போர்மேனின் வம்சத்தையே திட்டினார்கள். சிஸ்டர் வாசல் போர்டுக்குக் கீழே போய் நின்றுகொண்டார், அதிகாரி வந்ததும் பேசுவதற்கு. அதிகாரி வரவில்லை. மருந்து கலக்கும் அறை போனது.

சிவகாசியில் அச்சகத்துக் கண்ணாடி அதிர்ந்தது. எந்தத் திசை என்று நான் பார்க்கவில்லை. யாருடைய சைக்கிளை எடுத்தேன், எங்கே பஸ் பிடித்தேன் என்பது நினைவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது கலக்கும் அறை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. அதற்கும் முத்துமாரியின் அறைக்கும் நடுவில் இருந்த வெட்டவெளி முழுக்கக் கங்கும் கரியும் விழுந்து, பற்றுவதற்கு எதுவும் கிடைக்காமல் தானாகவே அவிந்து கிடந்தன. நெருப்பு வந்து தேடிப் பார்த்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. முத்துமாரியின் அறையில் ஒரு சுவர் விரிந்திருந்தது, அவ்வளவுதான். அவள் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். காது அடைத்துப்போனதால் உரக்கச் சொன்னாள்: “அண்ணே, என் டிபன் பாக்ஸு உள்ளயே கெடக்கு. புது டிபன் பாக்ஸு.”

மருந்து கலக்கிக்கொண்டிருந்தவரை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அதிகம் பேசாத மனிதர். அலுமினியத் தூள் ஒட்டி எப்போதும் முகம் வெள்ளியாக மின்னிக்கொண்டிருக்கும். கூட நானும் போயிருந்தேன், சிஸ்டரும். அவர் உடனே சாகவில்லை. அவர் எழுப்பிய சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் அவர் மனைவி ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். சிஸ்டர் அவரை உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தூக்கத்துலயே போயிட்டாக தாயி. அவகளுக்கு ஒண்ணுமே தெரியல.”

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, “அப்படியா தம்பி?” என்றார்.

“ஆமாம்மா” என்றேன். அகராதியில் நான் எழுதிய வினைச்சொல்லை நானே பயன்படுத்தியது அந்த ஒரு தடவைதான். வாயில் அது இனிப்பாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

காரணம் உராய்வு என்று எழுதினார்கள். அன்றைக்கு வராத அதிகாரிகள் மறுநாள் வரிசையாக வந்தார்கள். தொழிற்சாலை மூடிக் கிடந்தது. பிறகு வேறு பெயரில் திறந்தார்கள். சுவரைப் பூசினார்கள். கலக்கும் அறையைப் பழைய இடத்திலேயே கட்டினார்கள். முத்துமாரிக்கு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இடம் பார்த்து வைத்திருந்தேன். வரமாட்டேன் என்றாள். “உங்க கம்பெனியில சாப்பிட்டியான்னு கேக்க ஆளு இருக்கா?” என்றாள். எங்கள் அச்சகத்தில் என்னையே யாரும் கேட்டதில்லை.

அடுத்த ஆடி முடிந்ததும், லேபிள் விஷயமாக அங்கே போயிருந்தேன். இரண்டு அறைகளுக்கும் நடுவே பந்தல் நின்றது. புதுக்கம்பு, காய்ந்த கீற்று. கீழே சிஸ்டர் உட்கார்ந்து ஒரு பெண்ணின் பாதத்தை மடியில் வைத்து மருந்து போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்தில் நன்றாகத் தளர்ந்துபோயிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

“கேட்டாக தம்பி. எல்லாருமா வந்து காலைக் காட்டுறாக. மாட்டேன்னு சொல்ல எனக்கு வரல.”

“போன வருசம் பந்தல் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும் சிஸ்டர்?”

“தெரியும். தெனமும் அதைத்தான் நினைக்கிறேன்.” பாதத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். “ஆனா அன்னைக்கு ஜீப்பு வந்துச்சுல்ல. அது ஆபீசர் ஜீப்பு இல்ல தம்பி, கர்த்தர் அனுப்புன ஜீப்பு. நான்தான் புரியாமக் கம்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். இனிமே போன் வந்தா மொத ஆளா நானே கழட்டிருவேன். நீங்க பயப்படாதீக. சாப்பிட்டீகளா?”

பந்தலின் மறுமுனையிலிருந்து முத்துமாரி கையசைத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு கட்டுரைக்கு விஷயம் கிடைத்துவிட்டதாக வேறு தோன்றியது. வேலையிலிருந்து வந்து பின்கட்டில் பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த முத்துமாரியிடம், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று விளக்கினேன். கருணை கட்டிய பந்தலைப் பயம் பிரித்தது. உன் உயிரைக் காப்பாற்றியது சிஸ்டரும் இல்லை, போர்மேனும் இல்லை, அதிகாரி வருகிறார் என்ற பயம்தான். இனியும் அந்தப் பயம் சரியான நாளில் வரும் என்று நம்பித்தான் நீங்கள் எல்லோரும் அதற்கடியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று, கிட்டத்தட்ட சிறப்புரை அளவுக்கு.

அவள் பசுவின் கழுத்தைச் சொறிந்துகொண்டே கேட்டாள்.

“எந்த அதிகாரிண்ணே? அன்னைக்கு வந்தது மாட்டாஸ்பத்திரி ஜீப்பு. கோமாரிக்கு ஊசி போட வந்தாக. காலையில இதுக்குப் போட்டுட்டுத்தான் கம்பெனிப் பக்கம் வந்தாகளாம்.”